பீடத்தில் லூதர் இல்லை

கல்லேரிமேடு முக்கூட்டு ரோட்டில், பீடத்தின் மேல் மஞ்சள் துணி போர்த்தி நின்றிருந்த மார்ட்டின் லூதரின் தலை, வியாழக்கிழமை காலையில் டணால் என்று கீழே விழுந்தது. ரோட்டில் உருண்டு போய் டீக்கடை பெஞ்சில் முட்டி நின்றது. அது தலை அல்ல, சோறு வடிக்கிற அலுமினியக் குண்டான் என்று அதற்கப்புறம்தான் ஊருக்குத் தெரிந்தது.

தலையைத் தள்ளிவிட்ட பசு, ஒன்றுமே நடக்காதது போலத் துணியின் ஓரத்தை மென்றுகொண்டிருந்தது. துணிக்குள்ளே லூதரும் இல்லை, லூதரின் விரலும் இல்லை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரண்டு தண்ணீர் டிரம்கள்தான் இருந்தன.

ரோஹிணியும் சலீமும் திருப்பதியிலிருந்து வந்து சேர்ந்தபோது பீடத்தைச் சுற்றிக் கூட்டம் கூடி, கூட்டம் இரண்டாகப் பிரிந்து, இரண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தன.

ரோஹிணிக்கு நகரிப் பக்கம் சொந்த ஊர். திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடியில் துப்பறியும் நிலையம் நடத்துகிறாள். பெரும்பாலும் மாப்பிள்ளை விசாரணைதான். சலீம் முன்பு ஆட்டோ ஓட்டியவன். இப்போது அவளுடைய பழைய மாருதியை ஓட்டுகிறான், உதவியாளன் என்று சொல்லிக்கொள்கிறான், வாயை மட்டும் ஒருபோதும் மூடுவதில்லை.

"அக்கா, இவருதான அமெரிக்காவுல கருப்பு ஜனங்களுக்காகப் போராடுனவரு?" என்றான் காரை விட்டு இறங்கும்போதே.

"இவரு பேரைத்தான் அவருக்கு வெச்சாங்க. இவரு ஜெர்மனி. ஐந்நூறு வருஷத்துக்கு முந்தி. சாமியாரா இருந்துக்கினே பெரிய இடத்தை எதிர்த்துக் கேள்வி கேட்டவரு. படிச்சவனுக்கு மட்டும் புரியற பாஷையில இருந்த பைபிளைத் தெருவுல பேசற பாஷைக்கு மாத்திக் குடுத்தவரு. அப்புறம் ஒரு கன்னியாஸ்திரியைக் கல்யாணம் கட்டிக்கினாரு."

"கல்யாணம் ஆனவரா? அப்போ நம்ம டிப்பார்ட்மெண்டுதான்."

போன் பண்ணி அவர்களை வரவழைத்த லூதரன் சபையின் போதகர் ஏசுரத்னம் ஓடி வந்தார். தமிழ் ஆராதனைக்கு வருகிறவர்கள் அவரை 'ஐயர்' என்பார்கள். தெலுங்கு ஆராதனைக்கு வருகிறவர்கள் 'அய்யகாரு' என்பார்கள். இரண்டு பக்கமும் தலையாட்டி ஆட்டி அவருக்குக் கழுத்து வலி.

"ரோஹிணிம்மா, ஞாயித்துக்கிழமை திறப்பு விழா. ஜெர்மனியிலிருந்து பிஷப்பம்மா வராங்க. இங்க பாத்தா டிரம்மு நிக்குது!"

"யார் மேலயாவது சந்தேகம் இருக்கா ஐயரே?"

பதில் சொல்ல அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. தமிழ்ப் பக்கத்துக் கமிட்டித் தலைவர் தமிழ்செல்வன் முன்னால் வந்தார். பேரிலேயே கட்சி தெரிந்தது.

"சந்தேகம் இன்னாம்மா சந்தேகம்? டிரம்மைப் பாரு. தெலுங்குல எழுதிக் கீது. அவங்க பொம்பளைங்க சங்கத்து டிரம்மு."

தெலுங்குப் பக்கத்துச் செயலாளர் சுனில் விடவில்லை. "மேடம், சூடண்டி, பாருங்க. குண்டான்ல இன்னா எழுதிக் கீது? பெண்கள் சங்கம்னு தமிழ்ல கீது. மா மேல, எங்க மேல பழி போடணும்னு டிரம்மை வெச்சிட்டு, குண்டான்ல மாட்டிக்கினாங்க."

"சாயந்திரத்துக்குள்ள சிலை வரல, புத்தூர் ஸ்டேஷன்ல இவரு பேர்ல கம்ப்ளெயிண்ட்டு" என்றார் தமிழ்செல்வன்.

"நேனு மட்டும் சும்மா இருப்பேனா? எனக்கும் ஸ்டேஷனுக்கு வழி தெரியும்."

போதகர் ரோஹிணியைத் தனியே இழுத்துக்கொண்டு போனார். குரலைத் தாழ்த்தினார். "போலீஸ் உள்ள வந்தா ரெண்டு பக்கத்துப் பசங்களையும் தூக்கிக்கினு போவாங்க. பஞ்சாயத்து சிலைக்குக் குடுத்த பர்மிஷனை வாபஸ் வாங்கிக்கும். அதோட சபையும் ரெண்டாப் போயிடும்மா. அரை வருஷமா இதே கதைதான். லூதர் கையில திறந்த புஸ்தகம். அதுல வசனம் தமிழ்லயா தெலுங்குலயா? எத்தனை மீட்டிங்கு! கடைசியில நான்தான் ஒரு வழி சொன்னேன். ஜெர்மன்ல போட்டுடலாம். யாருக்கும் படிக்கத் தெரியாது, யாருக்கும் கோவம் வராது."

சலீமால் சும்மா இருக்க முடியவில்லை. "புரியற பாஷைக்கு மாத்துனவரு கையிலயே புரியாத பாஷையக் குடுத்துட்டீங்களே ஐயரே. அதான் கோச்சிக்கினு போயிட்டாரு."

போதகர் அவனைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. அதே சந்தேகம் அவருக்கும் ராத்தூக்கத்தைக் கெடுத்திருக்க வேண்டும்.

ரோஹிணி செருப்பைக் கழற்றிவிட்டுப் பீடத்தின் மேல் ஏறினாள். பசு விட்டுவைத்த துணியைப் புரட்டிப் பார்த்தாள். பிறகு சலீமையும் ஏறச் சொன்னாள்.

"இதுல இன்னா தெரியுது?"

"பசுவுக்கு மஞ்சள் கலர் பிடிக்கும்னு தெரியுது."

"மடிப்பைப் பாரு."

சலீம் பார்த்தான். டிரம்மைச் சுற்றியிருந்த துணி வெறுமனே சுற்றியிருக்கவில்லை. முன்பக்கம் விரல் விரலாக, ஒன்றுபோல மடித்து, வெளியே தெரியாதபடி உள்பக்கமாக ஊக்கு குத்தியிருந்தது.

"கொசுவம்!" என்றான்.

"ஆம்பளை திருடியிருந்தா துணியைச் சுத்திக் கயிறு கட்டியிருப்பான். கொசுவம் வெச்சு உள்ளாற ஊக்கு குத்தியிருக்க மாட்டான். அதுவும் அவசரத்துல. கை பழகிப்போன வேலை இது."

"அப்ப பொம்பளைங்க. எந்தப் பக்கத்துப் பொம்பளைங்க? குண்டான் பக்கமா, டிரம்மு பக்கமா?"

ரோஹிணி பதில் சொல்லாமல் இறங்கி டீக்கடைக்குப் போனாள். ஒரு கேள்விக்கு அவள் பதில் சொல்லவில்லை என்றால் அந்தக் கேள்வி தப்பு என்று அர்த்தம். இதைப் புரிந்துகொள்ள சலீமுக்கு நாலு கேஸ் ஆகியிருந்தது.

டீக்கடை துலுக்காணம் எதிரில் விழுந்த குண்டானைப் பத்திரமாகக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். தடயம் போச்சே என்று சலீம் தலையில் அடித்துக்கொண்டான்.

"நேத்து இங்க வண்டி எதனா நின்னுச்சா?" என்று கேட்டாள் ரோஹிணி.

"வண்டியா? இல்லம்மா. நேத்து மத்தியானம் ஊரே சர்ச்சு ஹால்லதான். இன்விடேஷன்ல எந்தப் பாஷை மேல வரணும்னு மீட்டிங்கு. அந்தச் சத்தத்துல என் கடை பாயிலர் விசிலே எனக்குக் கேக்கல. நானும் டீ எடுத்துக்கினு போயிட்டேன். திரும்பி வரச்சொல்ல ஒரு கை ஒடஞ்ச கேஸ்தான் போச்சு. குட்டி யானையில."

புத்தூரைச் சுற்றி உள்ளவர்களுக்கு அது ஒரு செய்தியே இல்லை. எலும்பு முறிந்தால் புத்தூர்க் கட்டு. எந்தெந்த ஊரிலிருந்தோ ஜனங்கள் கை கால் உடைந்து இந்த ரோட்டில் வந்துகொண்டே இருப்பார்கள். சின்ன லாரியில் போர்வை மூடி ஒருவன் படுத்திருந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதுகூட இல்லை.

ரோஹிணி மட்டும் டீயைக் கீழே வைத்தாள். "கட்டு போட்டிருந்துச்சா?"

"கட்டு எங்க? வெறும் போர்வை. ஒரு கை மட்டும் வெறைச்சிக்கினு மேல நீட்டிக்கினு இருந்துச்சு. மடக்க முடியல பாவம். தலைமாட்டுல ரெண்டு பொம்பளைங்க முந்தானைய மூஞ்சில போட்டுக்கினு குலுங்கிக் குலுங்கி அழுதாங்க."

"எந்தப் பக்கம் போச்சு?"

"ரேணிகுண்டா பக்கம்."

ரோஹிணி காரை நோக்கி நடந்தாள். சலீம் பாதி டீயோடு ஓடினான்.

"சலீம், உனக்குக் கை ஒடஞ்சா எங்க போவ?"

"புத்தூருக்கு. ஏழாவது படிக்கச்சொல்லவே போயிருக்கேன்."

"புத்தூரு அந்தப் பக்கம், ரேணிகுண்டா இந்தப் பக்கம். ஒடஞ்சவங்க புத்தூருக்கு வருவாங்க, கட்டோட திரும்பிப் போவாங்க. கட்டே இல்லாம, ஒடஞ்ச கையோட, புத்தூருக்கு முதுகைக் காட்டிக்கினு எவனாவது போவானா?"

சலீம் சாவியைத் திருப்ப மறந்து உட்கார்ந்திருந்தான். பட்டப்பகலில், டீக்கடைக்காரர் கண்ணெதிரிலேயே லூதர் மல்லாக்கப் படுத்துக்கொண்டு ஊரைவிட்டுப் போயிருக்கிறார்!

வடமாலப்பேட்டை தாண்டும்போது சலீமுக்கு வாய் திரும்பி வந்தது. "சரிக்கா, ரேணிகுண்டா வழியா எங்க போயிருப்பாங்க? ரயில்லயா, ஏரோப்ளேன்லயா? அவருக்கு ஜெர்மனி டிக்கெட்டா?"

"யோசி. அது வெண்கலம் இல்ல, ஃபைபர். உருக்கவும் முடியாது, விக்கவும் முடியாது. போர்வை போத்தி, தலைமாட்டுல குந்திக்கினு போயிருக்காங்க. திருடின பொருளையா இப்படி எடுத்துக்கினு போவாங்க? இது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போற மாதிரி இல்ல?"

"சிலைக்கு ஏதுக்கா ஆஸ்பத்திரி?"

"பொறந்த இடந்தான்."

சிலை செய்த கிஷோரின் பட்டறை சந்திரகிரி ரோட்டில் இருந்தது. தகரக் கொட்டகைக்கு வெளியே ஏகப்பட்ட தலைவர்கள் ஒரே மாதிரி வேட்டி கட்டி, ஒரே மாதிரி கையைத் தூக்கி, தலை இல்லாமல் நின்றார்கள். ஆர்டர் வந்ததும் தலை பொருத்துவார்கள் போல. பார்க்குக்கு வைக்கிற ஒரு டைனோசர், வால் கொட்டகைக்குள் கிடக்க, தலையை வெளியே நீட்டி வாயைப் பிளந்துகொண்டிருந்தது. கேட்டுக்கு உள்ளே காக்கிச் சட்டையோடு நின்ற வாட்ச்மேனிடம் சலீம் மரியாதையாக, "அண்ணா, ஓனர் இருக்காரா?" என்று கேட்டான். பதில் இல்லை. இன்னும் சத்தமாகக் கேட்டான். பிறகுதான் வாட்ச்மேனுக்கும் விலைச்சீட்டு தொங்குவதைப் பார்த்தான்.

"நல்லவேளை, அக்கா பாக்கல" என்று திரும்பினான். அக்கா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

கிஷோர் கையைத் துடைத்தபடி வந்தான். லூதர் என்ற பேரைக் கேட்டதும் முகம் பெயிண்ட் அடித்தது போல வெளுத்தது. "லேதண்டி, டெலிவரி எப்பவோ குடுத்தாச்சு. இங்க ஏது லூதரு?"

"அப்போ இது யாரு செருப்பு?" என்றாள் ரோஹிணி. கொட்டகையின் பின் வாசலில் இரண்டு ஜோடிப் பெண்கள் செருப்பு இருந்தது. உள்ளேயிருந்து எலுமிச்சம் சாத வாசனை வந்தது.

கிஷோர் ஏதோ சொல்வதற்குள் அவள் உள்ளே போய்விட்டாள்.

கயிற்றுக் கட்டிலில் மார்ட்டின் லூதர் படுத்திருந்தார். கழுத்துவரை பூப்போட்ட போர்வை. புத்தகத்தை ஏந்திய கை மட்டும் போர்வைக்கு வெளியே மேலே நீட்டியிருந்தது. அவருக்குப் பக்கத்தில் பாய் விரித்து, இரண்டு பெண்கள் ஒரே டிபன் கேரியரிலிருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

சலீமுக்கு இருவரையும் தெரியாது. யார், எந்த வீடு என்று ரோஹிணி கேட்டாள். பதில் வந்ததும் சலீம் பக்கத்திலிருந்த டைனோசர் வாலின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

ஒருத்தி பிரேமலதா, தமிழ்செல்வனின் மனைவி. இன்னொருத்தி கிருபம்மா, சுனிலின் அக்கா.

"அங்க உங்க வீட்டு ஆம்பளைங்க ஒருத்தரை ஒருத்தர் கொல்லப் பாக்கறாங்க. நீங்க ரெண்டு பேரும் இங்க ஒண்ணாக் குந்திக்கினு துன்னுறீங்களா?" என்றான் சலீம்.

"சண்டை அவங்க டிப்பார்ட்மெண்டு" என்றாள் பிரேமலதா. "ரெண்டு சங்கத்துக்கும் ஒரே கொழாயிதான். பதினஞ்சு வருஷமா ஒண்ணாத்தான் பாத்திரம் கழுவறோம். அதை யாரும் வந்து பாத்ததில்ல."

"ஏன் எடுத்தீங்க? தமிழும் தெலுங்கும் போடணும்னா?" ரோஹிணி மெதுவாகத்தான் கேட்டாள்.

இருவரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். சொல்லலாமா என்று கிருபம்மா கண்ணால் கேட்டாள். பிரேமலதா சோற்றுக் கையை உதறினாள்.

"அது அப்புறமா வந்த யோசனைம்மா. இவங்க பொண்ணு ஜெர்மனியில நர்ஸு. செவ்வாக்கிழமை வீடியோ கால்ல வந்தா. சிலைய பாருடின்னு துணியைத் தூக்கி, புஸ்தகத்தைக் காட்டுனோம். படிச்சுட்டு அவ சிரிக்கிறா, சிரிக்கிறா, போனை வெச்சிட்டு மறுபடி எடுத்துச் சிரிக்கிறா."

"வசனம்தான? அதுல இன்னா சிரிப்பு?" என்றான் சலீம்.

கிருபம்மா எழுந்து போய், கிஷோரின் அலமாரியிலிருந்து ஒரு பெயிண்ட் டப்பாவைக் கொண்டுவந்து ரோஹிணியின் கையில் வைத்தாள். வெளிநாட்டு டப்பா. மேலே பொடி எழுத்தில் ஜெர்மன். ரோஹிணி டப்பாவைப் பார்த்தாள். லூதரின் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தாள். தேய்த்தது போக மிச்சமிருந்த வரிகள் எழுத்துக்கு எழுத்து அதேதான்.

"எம் பொண்ணு அர்த்தம் சொன்னா" என்றாள் கிருபம்மா. "பயன்படுத்துறதுக்கு முந்தி நல்லாக் குலுக்கவும். குழந்தைகளுக்கு எட்டாத இடத்துல வைக்கவும். வெயில்ல வைக்கக் கூடாது."

புத்தூர் வெயிலில், முக்கூட்டு ரோட்டில், ஜெர்மனியிலிருந்து வரும் பிஷப்பம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பக்தியோடு குனிந்து அதைப் படிக்கப்போகும் காட்சி சலீமின் கண்முன் வந்தது. டைனோசர் வாலைப் பிடித்துக்கொண்டு சத்தம் வராமல் குலுங்கினான்.

கிஷோர் மூலையில் நின்று கையைப் பிசைந்தான். "அய்யகாரு வசனத்தைப் போன்லதான் அனுப்பினாரு மேடம். அந்தப் போனு ரெசின் வாளில விழுந்துடுச்சு. திரும்பக் கேட்டா திரும்பக் கமிட்டி கூடும். இன்னொரு அரை வருஷம் போயிடும்னு பயந்துட்டேன். ஊர்ல யாருக்கும் தெரியாதுன்னாங்க, அதான் டப்பாவைப் பாத்து..."

"ஆம்பளைங்க கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றாள் ரோஹிணி.

"சொல்லியிருந்தா இவருதான் வேணும்னு செய்ய வெச்சாருன்னு அவரு சொல்லுவாரு, அவருதான்னு இவரு சொல்லுவாரு" என்றாள் பிரேமலதா. "எல்லாத்துக்கும் மேல ஐயர். பாவம், அவரு மானம் போயிருக்கும். அதான் இவனை மிரட்டி வண்டி எடுத்துக்கினு வரச் சொன்னோம். அவங்க மீட்டிங்குல கத்திக்கினு இருக்கச்சொல்ல, நட்டைக் கழட்டி எறக்கிட்டோம். ஞாயித்துக்கிழமை வரைக்கும் துணியை யாரும் தூக்க மாட்டாங்கன்னு நெனச்சோம்."

"பசுவை நெனைக்கல" என்றான் சலீம். "வண்டியில குலுங்கிக் குலுங்கி அழுதீங்களாமே?"

"அழல தம்பி. சிரிப்பை அடக்க முடியல."

ரோஹிணியின் போன் அடித்தது. போதகர். பின்னால் இரண்டு மோட்டார் சைக்கிள்கள் உறுமும் சத்தம். "ரோஹிணிம்மா, ரெண்டு பேரும் ஸ்டேஷனுக்குக் கிளம்பிட்டாங்கம்மா!"

பிரேமலதாவின் முகத்தில் அதுவரை இருந்த சிரிப்பு போய்விட்டது. கிருபம்மா லூதரின் போர்வையைச் சும்மா இழுத்து இழுத்துச் சரிசெய்தாள். உண்மையைச் சொன்னால் இரண்டு வீட்டிலும் என்ன நடக்கும் என்று சலீமுக்கும் தெரிந்தது. கேஸ் எடுத்துக்கொண்டு மழுப்பக் கூடாது என்பது ரோஹிணியின் கொள்கை என்பதும் தெரியும். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்பதுதான் தெரியவில்லை.

"ஸ்பீக்கர்ல போடுங்க ஐயரே. அவங்க ரெண்டு பேரும் கேக்கட்டும்" என்றாள் ரோஹிணி. "சிலை கிடைச்சிடுச்சு. பத்திரமா இருக்கு. புஸ்தகத்துல எழுத்து தப்பா இருந்துச்சு, சரிபண்ண எடுத்துக்கினு வந்திருக்காங்க. சனிக்கிழமை வந்துடும்."

"யாரு எடுத்துக்கினு வந்தாங்க?" இரண்டு குரல்கள் ஒரே சமயத்தில்.

"உங்க சபைதான்."

"எந்த சபை, தமிழா தெலுங்கா?"

"ரெண்டும்."

அந்தப் பக்கம் மோட்டார் சைக்கிள்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. ரோஹிணி போனை வைத்தாள்.

"பொய்யே சொல்லல அக்கா நீ!" என்றான் சலீம் ஆச்சரியத்தோடு.

"சரி, புஸ்தகத்துல இப்ப இன்னா வரப்போவுது?" என்றாள் ரோஹிணி.

பிரேமலதா எழுந்து லூதரின் கைப் பக்கம் போனாள். பழைய எழுத்தைக் கிஷோர் ஏற்கெனவே பாதி தேய்த்திருந்தான். "புஸ்தகம்னா ரெண்டு பக்கம் இருக்குதில்ல? ஒரே வசனம். ஒரு பக்கம் தமிழு, ஒரு பக்கம் தெலுங்கு."

"எது முதல் பக்கம்? அதுக்கு இன்னொரு மீட்டிங்கு போடுவாங்களே" என்றான் சலீம்.

"எதிர நின்னு பாக்கறவங்களுக்கு இடது பக்கம் தமிழு, அதான் முதல்ல" என்றாள் பிரேமலதா.

"கையில வெச்சிக்கினு இருக்கிற லூதருக்குத் தெலுங்கு முதல்ல" என்றாள் கிருபம்மா.

சலீம் வாயைத் திறந்தான். சொல்ல ஒன்றும் கிடைக்காமல் மூடிக்கொண்டான். அவன் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ரோஹிணி அப்படி ஒரு காட்சியைப் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை முக்கூட்டு ரோட்டில் பஸ் போக இடமில்லை. பாண்டு வாத்தியம் முழங்க, பிஷப்பம்மா கயிற்றை இழுத்தார். புதுத் துணி சரிந்தது. வெண்கல நிறத்தில் லூதர் வெயிலில் மின்னினார்.

தமிழ்செல்வன் புத்தகத்தைப் பார்த்தார். முதல் பக்கத்தில் தமிழ். மார்பு நிமிர்ந்தது. சுனிலின் காதில் கிருபம்மா ஏதோ சொன்னாள். அவர் பீடத்தின் பக்கவாட்டில் போய், லூதரின் தோள் பக்கமாக எட்டிப் பார்த்தார். அவருக்கும் மார்பு நிமிர்ந்தது.

பிஷப்பம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். ஒரு எழுத்தும் புரியவில்லை. ஆனால் முகம் மலர்ந்துபோயிற்று. என்ன எழுதியிருக்கிறது, படித்துக் காட்டுங்கள் என்று கேட்டார். கூட்டம் முந்திக்கொண்டது. தமிழில் பாதிப் பேர், தெலுங்கில் பாதிப் பேர், ஒரே வசனம், ஒரே மூச்சு. எங்கே ஒன்று முடிந்து எங்கே இன்னொன்று தொடங்கியது என்று சலீமுக்குத் தெரியவில்லை. ஆனால் அவனுக்கு இரண்டு பாஷையும் புரிந்தது. பசு நிற்கும் பக்கம் திரும்பி, தூசு விழுந்தது போலக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

பிஷப்பம்மாவின் கண்ணும் கலங்கியிருந்தது. "லூதர் இதைப் பார்த்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்! இரண்டு மொழியிலும் போட வேண்டும் என்று யோசித்தது யார்?" என்று கேட்டார். போதகர் அதை மொழிபெயர்த்துவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தார்.

தமிழ்செல்வனும் சுனிலும் ஒரே நேரத்தில் முன்னால் வந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இருவரும் சேர்ந்து, ஒரே குரலில் சொன்னார்கள்:

"கமிட்டி முடிவு."

கல்லேரிமேடு கமிட்டி அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒருமனதாக ஒன்றைச் சொன்னது. பெண்கள் வரிசையில் பிரேமலதாவும் கிருபம்மாவும் முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு குலுங்கினார்கள். ரொம்ப உருகிப்போய்விட்டார்கள் பாவம் என்று பக்கத்திலிருந்தவர்கள் அவர்களைத் தேற்றினார்கள்.